முழு சென்சார், பாதி ஷட்டர்

“ஏ7 மார்க் 4-இல் இருக்கும் அதே சென்சார்தானே, பாடி மட்டும் சின்னது, அவ்வளவுதான்.” சோனியின் சின்னக் கேமராவான ஏ7சி 2 பற்றிப் பேச்சு எடுத்தால் இந்த வாக்கியம் வராமல் போவதில்லை. வாங்கச் சொல்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். வேண்டாம் என்கிறவர்களும் இதையே சொல்லிவிட்டு, “அப்புறம் எதற்கு அந்தக் குட்டிப் பிடியோடு மல்லுக்கட்ட வேண்டும், பெரியதையே வாங்கிவிடலாமே” என்று முடிக்கிறார்கள். நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் வாக்கியம் இது. பொய் என்று தள்ள முடியவில்லை. 33 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சார், அதாவது பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள சென்சார், இரண்டிலும் ஒன்றுதான். ஒரே லென்ஸைப் போட்டு, ஒரே அமைப்பில் எடுத்து, கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் ராஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் “அவ்வளவுதான்” என்ற கடைசிச் சொல்லில் ஏதோ இடிக்கிறது. ஒரு கேமராவை 25 மி.மீ. உயரம் குறைத்துவிட்டு, எதையும் விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்க முடியாது. விட்டது எது, அது யாருக்கு வலிக்கும், யாருக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

2023 ஆகஸ்டில் இந்தக் கேமரா அறிவிக்கப்பட்டபோது, அதற்கு முன்பே சின்ன ஃபுல் ஃப்ரேம் கேமராக்களின் ஒரு வரிசை இருந்தது. 2019-இல் கேனன் ஆர்பி வந்தது, 485 கிராம். அதே ஆண்டில் சிக்மா எஃப்பி, 422 கிராம். 2020-இல் முதல் ஏ7சி, 509 கிராம். 2023 தொடக்கத்தில் கேனன் ஆர்8, 461 கிராம். பிறகு 2024-இல் பானாசோனிக் எஸ்9, 486 கிராம். எல்லாமே பேட்டரியும் கார்டும் சேர்த்த எடை. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது: யாருமே சென்சாரில் கை வைக்கவில்லை. சிக்மா கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரையும், இயந்திர ஷட்டரையும், கை நடுக்கத்தைச் சரிசெய்ய பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷனையும் எடுத்துவிட்டது. பானாசோனிக் ஸ்டெபிலைசேஷனை வைத்துக்கொண்டு வ்யூஃபைண்டரையும் இயந்திர ஷட்டரையும் விட்டது. கேனன் ஆர்8 வ்யூஃபைண்டரை வைத்துக்கொண்டு ஸ்டெபிலைசேஷனையும் பெரிய பேட்டரியையும் விட்டது. ஏ7சி 2, பெரிய கேமராக்களில் போடும் அதே என்பி-எஃப்இசட்100 பேட்டரியையும் ஸ்டெபிலைசேஷனையும் காப்பாற்றிக்கொண்டு, வ்யூஃபைண்டரைச் சுருக்கி, ஷட்டரில் பாதியை எடுத்துவிட்டது.

இந்தப் பாதி ஷட்டரைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரி இருக்காது. விவரப் பட்டியலிலும் அது தனியாகத் தெரியாது. அதற்கு வருவதற்கு முன் எடைக்கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

144 கிராமின் மதிப்பு

ஏ7சி 2 514 கிராம், ஏ7 மார்க் 4 658 கிராம். வித்தியாசம் 144 கிராம். 40 மி.மீ. எஃப் 2.5 ஜி லென்ஸ் 173 கிராம் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை அகலம், உள்ளே வரும் ஒளி அதிகம்). அதை மாட்டினால் ஒன்று 687, மற்றது 831. ஆறில் ஒரு பங்கு எடை இறங்குகிறது. நாள் முழுக்கத் தோளில் தொங்கும்போது அது தெரியும். இப்போது அதே இரண்டு பாடிகளிலும் 70-200 எஃப் 2.8 ஜிஎம் 2 லென்ஸை மாட்டுவோம். லென்ஸ் மட்டும் 1,045 கிராம். மொத்தம் 1,559-ம் 1,703-ம். பன்னிரண்டில் ஒரு பங்குதான் மிச்சம். அந்த மிச்சத்தை வாங்கிக்கொண்டு, குறைவான பிடியோடு முன்பாரமான லென்ஸைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. விரல்களுக்கு அது கூடுதல் வேலை.

எடையைவிட உயரம்தான் உண்மையான லாபம். அகலத்தில் இரண்டுக்கும் 7 மி.மீ. வித்தியாசம்தான், 131-க்கு 124. உயரத்தில் 96.4-லிருந்து 71.1-க்கு இறங்கியிருக்கிறது. நடுவில் எழும்பி நிற்கும் அந்த வ்யூஃபைண்டர் கூம்பு இல்லை. சின்ன லென்ஸோடு தட்டையாக ஒரு பைக்குள் நுழைந்துவிடும். ஆனால் 24-70 எஃப் 2.8 ஜிஎம் 2 போன்ற 12 செ.மீ. நீள லென்ஸை மாட்டிவிட்டால், பையின் ஆழத்தை லென்ஸ்தான் தீர்மானிக்கிறது. கூம்பு இருந்தாலென்ன, போனாலென்ன. இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த லென்ஸின் விட்டம் ஏறத்தாழ 88 மி.மீ., பாடியின் உயரமோ 71. ஆகவே லென்ஸின் வயிறு பாடியின் அடித்தளத்தைவிடக் கீழே இறங்கும். டிரைபாடில் முன்பக்கம் நீண்ட பிளேட் போட்டால் லென்ஸில் இடிக்கும். பாடியின் ஆழத்துக்குள் அடங்கும் குறுகிய பிளேட்தான் இதற்குச் சரி.

இன்னொரு பக்கமும் ஒப்பிட வேண்டும். அதே ஆண்டில் வந்த சோனி ஏ6700, ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் கொண்ட கேமரா, 493 கிராம். 21 கிராம்தான் குறைவு. அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. அப்படியானால் பாடியின் எடையிலும் அளவிலும் ஏபிஎஸ்-சி தரும் லாபம் என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு 2.25 மடங்கு பெரியது. ஒளியளவில் சொன்னால் ஒரு ஸ்டாப்புக்குச் சற்றே மேல் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). ஃபுல் ஃப்ரேமில் எஃப் 2.5 லென்ஸ் தருகிற மொத்த ஒளியையும் பின்னணி மங்கலையும் ஏபிஎஸ்-சியில் பெற எஃப் 1.7 லென்ஸ் வேண்டும். கேமராவோடு சேர்த்து கிட்டில் வரும் 28-60 எஃப் 4-5.6 லென்ஸைப் பலர் பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள், இருட்டு லென்ஸ் என்று. ஏபிஎஸ்-சி கணக்கில் அது 18-40 எஃப் 2.7-3.7 லென்ஸுக்குச் சமம், எடை 167 கிராம். அப்படியொரு லென்ஸ் ஏபிஎஸ்-சியில் இருந்தால் கொண்டாடியிருப்பார்கள். அதன் குறை வேறு: படமெடுக்கும் முன் முறுக்கித் திறக்க வேண்டும், திடீரென்று வரும் கணம் அதற்குள் போய்விடும், ஓரங்களில் இருட்டடிப்பு உண்டு, மென்பொருள் அதைத் திருத்தும்போது அதிக ஐஎஸ்ஓவில் (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) மூலைகளில் இரைச்சல் கூடும்.

சென்சாரைப் பற்றியும் ஃபோகஸைப் பற்றியும் அதிகம் சொல்லத் தேவையில்லை, அவை இந்தக் கேமராவின் பலம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தனி ஏஐ சில்லு இருப்பதால் ஆளை அடையாளம் காண்பதில் இது ஏ7 மார்க் 4-ஐயே முந்துகிறது. முகம் திரும்பினாலும் தலையையும் உடலையும் வைத்துப் பின்தொடர்கிறது. பறவை, பூச்சி, வண்டி, ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் தனித்தனி அமைப்பு. ஸ்டெபிலைசேஷன் 7 ஸ்டாப் என்கிறது நிறுவனம். முதல் ஏ7சியில் அது 5. இங்கே ஒரே ஓர் எச்சரிக்கை: நொடிக்கு 10 படம் என்பது இழப்புள்ள கம்ப்ரெஸ்டு ராவில்தான். இழப்பில்லாத ராவுக்கு மாற்றினால் வேகம் குறையும். சாதாரணப் படங்களில் அந்த இழப்பைக் கண்ணால் காண முடியாது. இருண்ட வானத்தில் நட்சத்திரத் தடம் போல, கூர்மையான ஒளி விளிம்பு இருந்து, நிழலை மூன்று நான்கு ஸ்டாப் தூக்கும்போதுதான் விளிம்பை ஒட்டிப் பிசிறு தெரியும். அந்த மாதிரி வேலைக்கு மட்டும் இழப்பில்லாத ராவுக்கு மாறினால் போதும்.

முன்திரை இல்லாத ஷட்டர்

இனி ஷட்டர். வழக்கமான ஷட்டரில் இரண்டு திரைகள். முன்திரை நகர்ந்து சென்சாரைத் திறக்கும், பின்திரை அதைத் தொடர்ந்து வந்து மூடும். வேகம் கூடும்போது முன்திரை முழுவதும் கடப்பதற்கு முன்பே பின்திரை கிளம்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளவு மட்டும் சென்சாரின் குறுக்கே ஓடும். 24 மி.மீ. உயரத்தைத் திரை 1/200 நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1/500 நொடியில் அந்தப் பிளவின் அகலம் சுமார் 10 மி.மீ., 1/4000 நொடியில் வெறும் 1.2 மி.மீ. ஏ7சி 2-இல் முன்திரை என்ற பொருளே கிடையாது. அதன் வேலையை சென்சார் தானே செய்கிறது: வரிசை வரிசையாகத் தன்னைத் துடைத்துக்கொண்டு பதிவைத் தொடங்குகிறது. முடித்து வைக்க மட்டும் இயந்திரப் பின்திரை வருகிறது. கேனன் ஆர்பியிலும் ஆர்8-லும் இதே ஏற்பாடுதான். ஏ7 மார்க் 4 உட்படப் பல பெரிய கேமராக்களிலும் இந்த எலக்ட்ரானிக் முன்திரை உண்டு, ஆனால் அங்கே மெனுவில் அணைத்துவிட்டு முழு இயந்திர ஷட்டருக்குப் போகலாம். இங்கே அணைப்பதற்கு ஏதுமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். முன்திரை பட்டென்று அடித்து நிற்கும்போது வரும் அதிர்வு, 1/60-லிருந்து 1/200 வரையான வேகங்களில் படத்தை மெல்லக் கலைக்கும். அது இங்கே இல்லை. சத்தம் குறைவு, பொத்தானை அழுத்தியதற்கும் பதிவு தொடங்குவதற்கும் இடையிலான தாமதமும் குறைவு. அன்றாட வேகங்களில் பாதி ஷட்டர் முழு ஷட்டரைவிட மேலானது என்றே சொல்வேன்.

சிக்கல் அகலத் துளையும் அதிவேகமும் சேரும்போது வருகிறது. சென்சார் துடைத்துக்கொள்ளும் கோடு சென்சாரின் தளத்திலேயே இருக்கிறது. பின்திரையோ சில மி.மீ. முன்னால் ஓடுகிறது. பிளவின் ஒரு விளிம்பு ஒரு தளத்தில், மறு விளிம்பு இன்னொரு தளத்தில். நேராக வரும் ஒளிக்கு இதனால் ஒன்றுமில்லை. லென்ஸின் ஓரத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியைத்தான் பின்திரை முன்கூட்டியோ, தாமதமாகவோ மறைக்கும். உதாரணத்துக்கு இடைவெளி 2 மி.மீ. என்று வைப்போம். எஃப் 1.4 லென்ஸின் ஒளிக்கூம்பு அந்த உயரத்தில் 1.4 மி.மீ. அகலம், அதாவது நடுவிலிருந்து இருபுறமும் 0.7. பிளவே 1.2 மி.மீ. என்னும்போது 0.7 மி.மீ. சாய்வு என்பது பாதிக்கும் மேல். ஃபோகஸில் இருக்கும் பொருளில் இது தெரியாது, ஏனென்றால் கூம்பு முழுவதும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்துவிடுகிறது. ஒரு பக்கம் இழந்ததை மறுபக்கம் ஈடுகட்டும். ஃபோகஸுக்கு வெளியே உள்ள ஒளிப்புள்ளி ஒரு வட்டமாக விரிகிறதல்லவா, அந்த வட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் லென்ஸின் ஒவ்வொரு பகுதியிலிருந்து வருவது. அங்கே ஒரு பக்கத்துக்கு நேரம் அதிகம், மறுபக்கத்துக்குக் குறைவு. வட்டத்தின் ஒரு விளிம்பு அரித்தது போல ஆகிவிடும். போக்கே வெட்டுப்படுகிறது என்று சொல்வது இதைத்தான். கூடவே சில லென்ஸ்களில், முக்கியமாக வேறு நிறுவன லென்ஸ்களில், படத்தின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் வெளிச்ச வித்தியாசமும் வரலாம்.

எஃப் 1.4-இல் 1/1000 நொடியைத் தாண்டும்போது உற்றுப்பார்த்தால் தெரியத் தொடங்கும். 1/2000-இல் தேடாமலே தெரியும். எஃப் 1.2, எஃப் 1.4 லென்ஸை வாங்குவதே அந்த உருண்டை உருண்டையான பின்னணிக்காகத்தான். அதே இடத்தில் கேமரா கத்தரிக்கோல் வைக்கிறது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு, மூன்றுக்கும் தனித்தனி விலை. ஒன்று, சைலன்ட் ஷட்டருக்கு மாறுவது. முழுக்க எலக்ட்ரானிக் என்பதால் பின்திரையே இல்லை, வட்டம் முழுதாக இருக்கும், 1/8000 நொடி வரை போகலாம். ஆனால் இந்த சென்சார் முழுப் படத்தையும் படித்து முடிக்க ஏறத்தாழ 1/15 நொடி எடுத்துக்கொள்கிறது. ஒரு நொடியில் படத்தின் அகலம் முழுவதையும் கடக்கும் வண்டி ஒன்று, மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையில் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு நகர்ந்துவிட்டிருக்கும். நிமிர்ந்த கம்பம் சாயும், சக்கரம் முட்டையாகும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மினுக்கும் எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/15 நொடிக்குள் ஆறேழு துடிப்பு, படத்தில் ஆறேழு பட்டைகள். அசையாத ஆள், இயற்கை வெளிச்சம் என்றால் சைலன்ட் ஷட்டர் சரியான மருந்து. மற்ற இடங்களில் புதிய நோய். இரண்டாவது வழி, துளையை எஃப் 2 அல்லது 2.8-க்குக் குறைப்பது. மூன்றாவது, லென்ஸின் முன்னால் மாட்டி ஒளியைக் குறைக்கும் 4 ஸ்டாப் என்டி ஃபில்டர்.

கணக்கு ஒன்றுசேரும் இடம்

இந்தப் பாதி ஷட்டரை ஒரு குறையாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவரை, இந்தக் கேமரா எனக்குப் புரியவில்லை என்றே சொல்ல வேண்டும். பழைய வெயில் 16 விதியைப் போட்டுப் பார்த்தபோதுதான் பார்வை மாறியது. நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100-இல், எஃப் 16-க்கு 1/100 நொடி. அங்கிருந்து துளையைத் திறந்துகொண்டே போனால், எஃப் 2.8-இல் 1/3200 நொடி. எஃப் 1.8-இல் கிட்டத்தட்ட 1/8000. எஃப் 1.4-இல் ஏறத்தாழ 1/13000. இந்தக் கேமராவின் இயந்திரப் பின்திரைக்கு உச்ச வேகம் 1/4000. அந்த 1/4000 எந்தத் துளைக்குப் பொருந்துகிறது என்று பார்த்தால், 16-ஐ 2.5-ஆல் வகுத்து வர்க்கம் போட்டு நூறால் பெருக்கினால், 4,096. எஃப் 2.5.

2021-இல் சோனி மூன்று சின்ன லென்ஸ்களை ஒன்றாக வெளியிட்டது: 24 எஃப் 2.8, 40 எஃப் 2.5, 50 எஃப் 2.5. எடை 162, 173, 174 கிராம். மூன்றுக்கும் ஒரே 49 மி.மீ. ஃபில்டர், மூன்றிலும் துளை வளையம். திட்டமிட்டுச் செய்தார்களா, தற்செயலா என்ற கேள்விக்குள் போக வேண்டாம். கணக்கு பொருந்துகிறது என்பதுதான் முக்கியம். உச்சி வெயிலில் முழுத் துளையோடு இந்த லென்ஸ்களால் எடுக்கலாம், ஷட்டர் தடுக்காது. ஒளிக்கூம்பும் குறுகியது, மேலே போட்ட கணக்கில் 0.7 மி.மீ. சாய்வு 0.4 ஆகிவிடும். 1/4000-இல் வெட்டு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், தேடினால் கிடைக்கும். ஆனால் எஃப் 2.5-இல் மங்கல் வட்டங்களே சின்னவை, படத்தைக் கெடுக்கும் அளவுக்கு அது வராது. எடையும் அங்கேதான் லாபமாகிறது, உயரக் குறைப்பும் அங்கேதான் பயன்படுகிறது, சின்ன விரல் பிடிக்கு வெளியே தொங்குவதும் 173 கிராம் லென்ஸோடு ஒரு பொருட்டில்லை.

இதே பாடியில் 35 எஃப் 1.4 ஜிஎம் லென்ஸை மாட்டினால் என்ன ஆகிறது? லென்ஸ் 524 கிராம். பாடியைவிடக் கனம். கை முன்னால் இழுக்கப்படுகிறது. வெயிலில் முழுத் துளை வேண்டுமென்றால் 1/13000 நொடி தேவை, இருப்பது 1/4000. எஃப் 2-க்குக் குறைத்தாலும் 1/6400 வேண்டும். 67 மி.மீ.யில் 4 ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டினால் 1/800-க்கு இறங்கும், வெட்டும் போய்விடும். ஆனால் நிழலுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்ற வேண்டும். படம் அபாரமாகத்தான் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கேமராவின் குறைகள் ஒன்றுவிடாமல் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். எஃப் 2.5-இல் இருந்த அதே கேமராதான். அதனால்தான் “பாடி எப்படி” என்று தனியாகக் கேட்பதில் பொருளில்லை என்கிறேன். இதன் பலமும் பலவீனமும் முன்னால் மாட்டும் லென்ஸோடு சேர்ந்து மாறுகின்றன.

ஃப்ளாஷிலும் இதே ஷட்டரின் நிழல் விழுகிறது. ஒத்திசைவு வேகம், அதாவது ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/160 நொடி. ஏ7 மார்க் 4-இல் 1/250. மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் வித்தியாசம்தான் என்றாலும், வெயிலில் நிரப்பொளியாக ஃப்ளாஷ் அடிக்கிறவர்களுக்கு அது வலிக்கும். ஐஎஸ்ஓ 100, 1/160 என்றால் வெயிலுக்குத் துளை எஃப் 13. அந்தத் துளையில் சின்ன ஃப்ளாஷ் முகத்தைத் தொடுவதற்குள் களைத்துவிடும். அதைவிட வேகமான ஷட்டரோடு ஃப்ளாஷை ஒத்துப்போகவைக்கும் ஹை ஸ்பீட் சிங்க் போட்டால் துளையைத் திறக்கலாம், ஃப்ளாஷின் திறன் பெரும்பகுதி வீணாகும், பேட்டரி வேகமாக இறங்கும். இங்கும் என்டி ஃபில்டர்தான் கைகொடுக்கும்: 1/160-ஐ வைத்துக்கொண்டு 4 ஸ்டாப் ஃபில்டர் போட்டால் எஃப் 3.2-க்கு வந்துவிடலாம். ஃப்ளாஷின் ஒளியும் அதே அளவு குறையும், ஆனால் துளை திறந்ததில் அது ஈடாகிவிடும். ஹை ஸ்பீட் சிங்கில் வீணாகும் திறன் இதில் வீணாவதில்லை.

கண்ணும் விரலும்

வ்யூஃபைண்டர் விஷயத்தில் எனக்குச் சமாதானம் இல்லை. 23.6 லட்சம் புள்ளிகள், 1024-க்கு 768, உருப்பெருக்கம் 0.70. முதல் ஏ7சியில் 0.59 மட்டுமே இருந்தது, அதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் ஏ7 மார்க் 4-இல் 36.8 லட்சம் புள்ளி, 0.78. நாள் முழுக்கக் கண்ணை வைத்து எடுக்கிறவருக்கு இந்த வித்தியாசம் மாலையில் களைப்பாகத் தெரியும். கூம்பை எடுத்துவிட்டு, பாடியின் மூலைக்குள் வ்யூஃபைண்டரை அடக்க வேண்டும் என்றால், அதற்குள் இருக்கும் கண்ணாடிகளுக்கு இடம் இவ்வளவுதான். மூலையில் இருப்பதில் ஒரு வசதி உண்டு: வலக்கண்ணால் பார்க்கிறவரின் மூக்கு ஸ்கிரீனில் அழுந்தாமல் பாடிக்கு வெளியே போய்விடும். இடக்கண்காரருக்கு முகமே ஸ்கிரீனில் படியும். கண்ணைச் சுற்றியுள்ள ரப்பர் ஆழமில்லாதது, பக்கவாட்டு வெயில் உள்ளே புகும். கண்ணாடி அணிபவர்கள் நான்கு மூலையும் ஒருசேரத் தெரிகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ் பிரியர்கள், கூர்மையான விளிம்புகளைக் காட்டும் ஃபோகஸ் கோடுகளை மட்டும் நம்பாமல் உருப்பெருக்கத்தை ஒரு பொத்தானில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் புள்ளியளவில் எஃப் 2-க்குக் கீழே வெறும் கண்ணால் கூர்மையை உறுதிசெய்வது கடினம்.

ஜாய்ஸ்டிக் இல்லை. ஃபோகஸ் புள்ளியை நகர்த்த, கண் வ்யூஃபைண்டரில் இருக்கும்போதே கட்டைவிரலால் ஸ்கிரீனைத் தடவ வேண்டும். கேமரா வரும் அமைப்பிலேயே இதை விட்டுவைத்தால் மூக்கு பட்டும் புள்ளி ஓடும். மெனுவில் டச் பேட் அமைப்புக்குள் போய், செயல்படும் பரப்பை வலது பாதி அல்லது வலது மேல் கால்பகுதி என்று சுருக்கி, நிலைமுறையை ரிலேட்டிவ் என்று வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதைவிட எளிது, ஃபோகஸ் பரப்பை டிராக்கிங் புள்ளியாக நடுவில் வைத்துவிட்டு, ஆளின் மேல் வைத்துப் பிடித்து, பிறகு படத்தை அமைத்துக்கொள்வது. ஆளை விடாமல் பிடித்துக்கொள்ளும் திறன் இந்தக் கேமராவுக்கு நிறையவே இருக்கிறது, ஜாய்ஸ்டிக்கை மறக்கச் செய்யும் அளவுக்கு. முதல் ஏ7சியில் இல்லாத முன் டயல் இதில் வந்திருப்பதால் துளையும் வேகமும் இரண்டு விரலுக்குப் பிரிந்துவிட்டன.

சின்ன விரலுக்கு ஜிபி-எக்ஸ்2 என்ற நீட்டிப் பிடி உண்டு. 61 மெகாபிக்சல் உடன்பிறப்பான ஏ7சிஆரோடு அது பெட்டியிலேயே வருகிறது, இதற்குத் தனியாக வாங்க வேண்டும். 300 கிராமுக்கு மேற்பட்ட லென்ஸ் வழக்கமாக மாட்டுகிறவருக்கு அது வசதியல்ல, தேவை. ஆனால் அதைப் போட்டதும் மிச்சப்படுத்திய உயரத்தில் ஒரு பகுதி திரும்பப் போய்விடும்.

கார்டு போட இதில் ஒரே இடம்தான் என்பதைப் பற்றிச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை. திரும்ப எடுக்க முடியாத நிகழ்ச்சியைக் கூலிக்கு எடுக்கிறவர் இந்தக் கேமராவைத் தனிக் கேமராவாக நம்பக் கூடாது. எஸ்டி கார்டுகள் சொல்லிவிட்டுச் சாவதில்லை; தொடுமுனை தேய்ந்தோ, பிளாஸ்டிக் விளிம்பு உடைந்தோ போகும். சொந்த வேலைக்கு எடுப்பவர்கள் ஒரே பெரிய கார்டுக்குப் பதில் நடுத்தரக் கார்டுகள் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு, இடைவேளையில் மாற்றினால் இழப்பு ஒரு பகுதியோடு நிற்கும்.

வீடியோவில் 4கே 30 வரை முழு அகலம், 7கே அளவில் படித்துச் சுருக்குவதால் விவரம் அருமை. 4கே 60-க்குப் போனால் 1.5 மடங்கு வெட்டு: 24 மி.மீ. லென்ஸ் 36 ஆகிவிடும். சின்னப் பாடியில் சூடு ஒரு கவலை. தானாக அணையும் வெப்பநிலை அமைப்பை ‘ஹை’ என்று மாற்றி, ஸ்கிரீனைப் பாடியிலிருந்து விலக்கி வைத்தால் நேரம் நீளும். வெளி மானிட்டருக்கு இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. வயர் இழுபட்டால் முதலில் உடைவது அந்தத் துளைதான், கிளாம்ப் இல்லாமல் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. உங்களிடம் இருப்பதிலேயே அகலத் துளை லென்ஸை மாட்டி, தூரத்தில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் தெரியும்படி நின்று, ஃபோகஸைக் கிட்டக் கொண்டுவந்து அவற்றை வட்டங்களாக்குங்கள். துளையை முழுதாகத் திறந்து 1/500, 1/1000, 1/2000, 1/4000 என்று நான்கு படம், வெளிச்சம் மாறாதபடி ஐஎஸ்ஓவை ஒவ்வொரு ஸ்டாப்பாக ஏற்றிக்கொண்டு. பிறகு சைலன்ட் ஷட்டரில் அதே நான்கு. புள்ளிகள் எல்இடி என்றால் சைலன்ட் படங்களில் பட்டை விழலாம். இலைகளுக்கிடையே கசியும் பகல் வெளிச்சம் அதைவிட நல்லது. எட்டையும் 100 சதவீதத்தில் பார்த்து, வட்டத்தின் மேல் கீழ் விளிம்புகளை ஒப்பிடுங்கள். பிறகு நீங்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் படங்களில் எஃப் 2-க்குக் கீழே, 1/1000-க்கு மேலே எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். எந்தப் படத் தொகுப்பு மென்பொருளிலும் இந்த இரண்டையும் வைத்து வடிகட்டலாம். நூற்றில் இரண்டு மூன்று என்றால் 40 எஃப் 2.5-ஓடு இதை வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு 49 மி.மீ. என்டி ஃபில்டரும் சேர்த்து. நூற்றில் முப்பது என்றால் அந்த 144 கிராமைச் சுமந்துகொண்டு ஏ7 மார்க் 4-க்கே போங்கள்.